ஆச்சிக்கு ரெண்டு பை மாத்திரை: முதியோர் இல்லங்களில் மருந்து எங்கே தவறுகிறது?

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு போன் அடித்தது. ஆலங்குளம் பக்கத்தில் எங்க ஆச்சி இருக்கிற முதியோர் இல்லத்தில் இருந்து, ராத்திரி டியூட்டி பார்க்கிற அக்கா பேசினார்.

"தம்பி, ஆச்சி எந்திரிக்க மாட்டேங்காவ. கூப்பிட்டா லேசா முழிக்காவ, பேச்சு கொழறுது. சேலையெல்லாம் வேர்வையில நனைஞ்சு கெடக்கு. 108-க்கு சொல்லிட்டோம்."

திருநெல்வேலியில் இருந்து பைக்கில் போய்ச் சேர்வதற்குள் ஆச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சர்க்கரை 38 என்றார் நர்ஸ். 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று கணக்கு. குளுக்கோஸ் ஏற ஏற ஆச்சிக்கு நினைவு தெளிந்தது. "ஏலே, நீ எப்ப வந்த?" என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

டாக்டர் முதலில் கேட்டது, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க? எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்பதுதான். இல்லத்தில் இருந்து ரெண்டு பை வந்தது. ஒன்று அரசு ஆஸ்பத்திரி மாத்திரை. இன்னொன்று பத்து நாளைக்கு முன்னால் ஒரு தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்து, மெடிக்கலில் வாங்கியது. முதல் பையில் கிளிபிசைடு. ரெண்டாவது பையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரு கம்பெனி மாத்திரை. பேர் வேறு, நிறம் வேறு, அட்டை வேறு. ஆனால் கிளிபிசைடும் கிளிமிபிரைடும் ஒரே குடும்பம். ரெண்டுமே கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. பத்து நாளாக ஆச்சிக்கு ரெண்டும் சேர்ந்து போயிருக்கிறது. முந்தின நாள் ராத்திரி வாய்க்குப் பிடிக்கவில்லை என்று அவர் சாப்பாட்டை ஒதுக்கியிருக்கிறார். அது போதுமானதாக இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "யாரு குடுத்தா?" என்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு சில மாதங்கள் இதைப் பற்றித் தேடிப் படித்ததில், அந்தக் கேள்வியே தப்பு என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

நர்சிங் ஹோம் என்றால் எது?

முதலில் ஒரு சொல் குழப்பம். நம்ம ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் பத்து இருபது படுக்கை உள்ள சின்ன தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம் பார்ப்பார்கள், ஆபரேஷன் பண்ணுவார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. தன்னால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பெரியவர்கள் வருஷக்கணக்கில் தங்கி, நர்ஸ்களின் பராமரிப்பில் வாழும் இடம் அது. நமக்கு அதற்கு நெருக்கமானது முதியோர் இல்லம்தான். ஆனால் முதியோர் இல்லம் என்பது பெரும்பாலும் சோறும் கட்டிலும் கொடுக்கும் இடமாகத்தான் ஆரம்பிக்கிறது. உள்ளே வருகிறவர்களுக்கு வயது ஏற ஏற அது மெல்ல மெல்ல ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுகிறது.

சட்டமும் இந்த ரெண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2018-இல் வந்தன. பெரியவர்களுக்கு 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இருக்கிறது. வசதியற்ற முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில், மாநில அரசு அமைக்கலாம் என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. அரசு ஆஸ்பத்திரியில் மூத்தவர்களுக்குப் படுக்கை, தனி வரிசை பற்றி 20-ஆவது பிரிவு பேசுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு இல்லத்தில் மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்க வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்ற அளவுக்கு அந்தச் சட்டம் இறங்கி வரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். தென்காசி, ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பிள்ளைகள் சென்னை, மும்பை, வளைகுடா என்று பிழைக்கப் போய்விட்ட வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 'இல்லத்தில் விடுவதா' என்று முகம் சுளித்த காலம் போய், 'நல்ல இல்லமா பாருங்க' என்று கேட்கிற காலம் வந்துவிட்டது.

அஞ்சும் சரி, ஆனாலும் தப்பு

நர்சிங் படிப்பில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பது 'ஐந்து சரி'. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இங்கிலாந்தில் நைஸ் என்ற அமைப்பு 2014-இல் இல்லங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி இதோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கிறது: வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெரியவருக்கு உள்ள உரிமை.

எங்க ஆச்சி விஷயத்தை இந்த ஐந்தில் போட்டுப் பாருங்கள். ஆள் சரி. கிளிபிசைடு அரசு டாக்டர் எழுதியது, சரி. கம்பெனி மாத்திரை தனியார் டாக்டர் எழுதியது, அதுவும் சரி. அளவு, வழி, நேரம் எல்லாம் சீட்டில் உள்ளபடி. கொடுத்த அக்கா ஒரு தப்பும் பண்ணவில்லை. ரெண்டு சீட்டும் ஒரே தாளில் சேராததுதான் தப்பு.

சரி, அந்த ரெண்டாவது பை இல்லத்துக்கு எப்படிப் போனது? நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேன். ஆச்சியைத் தனியார் டாக்டரிடம் கூட்டிப் போனதும் நான்தான். "வேற ஏதும் மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று அவர் கேட்டார். "பிரஷருக்கு மட்டும்தான் சார்" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கவரை வாசலிலேயே கொடுத்துவிட்டு, "புது மாத்திரை, ரெண்டு வேளை" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தேன். சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது.

இங்கிலாந்தில் எண்ணிப் பார்த்தார்கள்

இது நம்ம ஊர் அலட்சியம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. இங்கிலாந்தில் 55 இல்லங்களில் 256 பெரியவர்களின் மருந்தை வரிசையாகச் சோதித்து 2009-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவருக்குச் சராசரியாக எட்டு மருந்து. அந்த 256 பேரில் 178 பேருக்கு, அதாவது பத்தில் ஏழு பேருக்கு, குறைந்தது ஒரு தவறாவது இருந்தது.

தவறு எங்கெங்கே என்றும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். எழுதுவதில் 8.3 சதவீதம். மருந்துக் கடையில் எடுத்துக் கொடுப்பதில் 9.8. இல்லத்தில் கையில் கொடுப்பதில் 8.4. ரத்தப் பரிசோதனை மாதிரி கண்காணிப்பு தேவைப்படும் மருந்துகளில், அந்தக் கண்காணிப்பு நடக்காதது 14.7. நாம் முதலில் சந்தேகப்படுவது மாத்திரையைக் கையில் கொடுக்கிற ஆளை. கூடுதலாகத் தவறுவதோ, கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்று பார்க்காமல் விடுவதில். ஆச்சிக்கும் அந்தப் பத்து நாளில் ஒரு தடவைகூட யாரும் சர்க்கரை பார்க்கவில்லை.

காரணம் கேட்டு 89 பேரிடம் பேட்டியும் எடுத்தார்கள். டாக்டரைப் பிடிக்க முடிவதில்லை, வருகிற டாக்டருக்கு அந்தப் பெரியவரைப் பற்றித் தெரியாது, ஊழியர்களுக்கு வேலைச் சுமை, மருந்து பற்றிப் பயிற்சி இல்லை, மருந்து கொடுக்கும்போது நடுவில் கூப்பிடுகிறார்கள், பதிவேடு சரியில்லை, எல்லாம் வாய்வழியே நடக்கிறது. படித்தபோது ஆலங்குளத்தைப் பற்றி எழுதியது மாதிரியே இருந்தது.

நம்ம ஊருக்கே உரிய ஓட்டைகள்

நம்மிடம் சில கூடுதல் சிக்கல்கள் உண்டு.

முதலாவது, ரெண்டு கடை மருந்து. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதில் இருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. உண்மையிலேயே பெரிய விஷயம். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அரசு மாத்திரையில் இருப்பது மருந்தின் பெயர். தனியார் சீட்டில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அம்லோடிபின் என்று ஒரு அட்டை, அதே அம்லோடிபின் வேறு பெயரில் இன்னொரு அட்டை. ரெண்டும் ஒன்றுதான் என்று பெரியவருக்கும் தெரியாது, பார்த்துக்கொள்கிறவருக்கும் தெரியாது. கம்பெனிப் பெயரோடு அட்டையில் போட்டிருக்கும் மருந்தின் பெயரையும் படிக்க வேண்டும்.

ரெண்டாவது, வெட்டின அட்டை. "அஞ்சு மாத்திரை குடுங்க" என்றால் கடையில் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள். பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போய்விடும்.

மூணாவது, மூடி. பல இல்லங்களில் வேலையைச் சுளுவாக்க, முந்தின ராத்திரியே அட்டையில் இருந்து மாத்திரைகளைப் பிதுக்கி, ஆளுக்கொரு சின்ன மூடியில் போட்டுத் தட்டில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். அட்டையை விட்டு வெளியே வந்த மாத்திரைக்குப் பெயர் கிடையாது. எல்லாம் வெள்ளை வட்டம். தட்டு ஒரு தடவை ஆடினால் போதும்.

நாலாவது, பொடித்துக் கொடுப்பது. விழுங்க முடியாதவர்களுக்கு மாத்திரையை இடித்துச் சோற்றில் பிசைந்தோ வாழைப்பழத்தில் வைத்தோ கொடுக்கிறோம். எஸ்ஆர், இஆர், எக்ஸ்எல் என்று பெயருக்குப் பின்னால் போட்டிருந்தால் அது நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை. அதை இடித்தால் நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரே அடியாக இறங்கும். அதோடு, வேண்டாம் என்கிறவருக்குச் சாப்பாட்டில் மறைத்துக் கொடுப்பது தனி விவகாரம். டாக்டர், குடும்பத்தார், இல்லத்தார் எல்லோரும் பேசி முடிவெடுத்து எழுதி வைக்காமல் அதைச் செய்யக் கூடாது என்கின்றன வெளிநாட்டு வழிகாட்டிகள்.

அஞ்சாவது, பொது டப்பா. சளிக்கு ஒன்று, முட்டுவலிக்கு ஒன்று என்று டாக்டரைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற மாத்திரைகள். அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ், வயதானவர்களுக்கு ஆகாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை 1991-இல் வெளியிட்டார். அது முதலில் போடப்பட்டதே நர்சிங் ஹோம் வாசிகளுக்காகத்தான். இன்றைக்கு வரை புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் சிபிஎம் சளி மாத்திரை, தூக்கத்துக்கான டயசிபாம் எல்லாம் அந்த வகையில் வரும். மயக்கம், தடுமாற்றம், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவது, இடுப்பு எலும்பு முறிவு என்று அது போகும். முட்டுவலிக்கான டைக்ளோஃபினாக், ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும்.

இன்சுலின் தனி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் வருவது 100 யூனிட். ஊசியும் ரெண்டு வகை: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. பேனா ரிப்பேர் ஆகிவிட்டது என்று 100 யூனிட் இன்சுலினை 40 ஊசியில் 20 கோடு வரை இழுத்தால், அது அரை மில்லி. உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். ரெண்டரை மடங்கு. வயதானவருக்கு அது உயிர் போகிற அளவு. இன்சுலின் வைக்கிற இல்லத்தில் ஒரே வகைதான் இருக்க வேண்டும், அல்லது ரெண்டையும் தனித்தனிப் பெட்டியில், அந்தந்த ஊசியோடு வைக்க வேண்டும்.

இன்சுலின் என்றதும் கனடாவில் நடந்ததையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்டாரியோ மாகாணத்தில் எலிசபெத் வெட்லாஃபர் என்ற நர்ஸ், இல்லங்களில் இருந்த எட்டுப் பெரியவர்களை இன்சுலின் போட்டே கொன்றார். 2007-இல் ஆரம்பித்தது, 2016-இல் அவரே போய் ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. விசாரணை ஆணையத்தின் நீதிபதி எலீன் கில்லீஸ் 2019 ஜூலையில் 91 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். அவராக ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்தக் கொலைகள் தெரியாமலே போயிருக்கும் என்பதுதான் அந்த அறிக்கையின் பயங்கரமான முடிவு. அப்படிப்பட்ட ஆட்கள் அபூர்வம். ஆனால் எத்தனை குப்பி வந்தது, எத்தனை தீர்ந்தது என்று யாரும் எண்ணாத இடத்தில், கொலையும் மறதியும் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒரு தாள் போதும்

இத்தனைக்கும் தீர்வு பெரிய செலவு இல்லை. பெரியவர் ஒருவருக்கு ஒரு தாள். மேலே பெயர், வயது, போட்டோ, ஒத்துக்கொள்ளாத மருந்து. இடது பக்கம் மருந்துகளின் பெயர், எதற்காக, யார் எழுதியது, எந்தத் தேதியில். வலது பக்கம் நாளும் வேளையும் கட்டம் கட்டமாக. அவ்வளவுதான். நான் பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்ட விதிகள் இவை:

- எல்லா டாக்டர்களின் மருந்தும் அந்த ஒரே தாளில்தான் வர வேண்டும். டாக்டரிடம் போகும்போது தாளும் கூடவே போக வேண்டும். எங்களிடம் அது இருந்திருந்தால், அந்த டாக்டருக்கு ஒரு பார்வை போதுமாக இருந்திருக்கும்.
- மாத்திரையை அட்டையில் இருந்து பெரியவரின் பக்கத்தில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். விழுங்கினதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. முன்கூட்டியே எல்லாக் கட்டத்திலும் போட்டு வைக்கிற கையெழுத்து, பொய்க் கையெழுத்து.
- கொடுக்கவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. 'வேண்டாம் என்றார்', 'வாந்தி', 'சாப்பிடவில்லை' என்று காரணம் எழுத வேண்டும்.
- சர்க்கரை மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் முன்னால், சாப்பாடு இருக்கிறதா, சாப்பிடப் போகிறாரா என்று கேட்க வேண்டும். சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்கு ஒரு போன்.
- தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காபிக்கு அரை மணி நேரம் முன்னாலாவது. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா, சொன்ன மணிக்குச் சொன்னபடி.
- வாரம் ஒரு தடவைதான் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் உண்டு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் அப்படி. தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. தாளில் மற்ற ஆறு நாள் கட்டங்களையும் குறுக்கே அடித்துவிட வேண்டும்.
- மருந்து கொடுக்கிற அரை மணி நேரம் அவரை யாரும் வேறு வேலைக்குக் கூப்பிடக் கூடாது.
- வாரம் ஒரு தடவை, கொடுக்காத இன்னொருவர் மாத்திரையை எண்ணித் தாளோடு ஒப்பிட வேண்டும். கணக்கு இடித்தால் திட்டக் கூடாது. ஏன் என்று கேட்க வேண்டும். திட்டுகிற இடத்தில் அடுத்த தப்பு மறைக்கப்படும்.

ஒரு அவசரக் குறிப்பும். சர்க்கரை தாழ்ந்து, விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தால் மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். நேரே 108. தெளிந்துவிட்டார் என்று உடனே கூட்டி வந்துவிடவும் கூடாது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகளின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், சர்க்கரை மறுபடி இறங்கும். ஆச்சியை ரெண்டு நாள் வைத்திருந்தது அதனால்தான்.

இல்லம் பார்க்கப் போகிறவர்களுக்கு

கட்டில், ஃபேன், சாப்பாடு எல்லாம் பாருங்கள். கூடவே நாலு கேள்வி கேளுங்கள். மருந்து கொடுப்பது யார், அவர் லீவு போட்டால் யார்? எழுதுகிற தாளைக் காட்ட முடியுமா? எந்த டாக்டர் வருகிறார், எத்தனை நாளைக்கு ஒரு தடவை? கடைசியாக எப்போது மருந்தில் தப்பு நடந்தது, என்ன செய்தீர்கள்? 'எங்ககிட்ட தப்பே நடந்ததில்ல' என்று சொல்கிற இல்லத்தைவிட, 'போன மாசம் ஒண்ணு ஆச்சு, அதுல இருந்து இப்படி மாத்திட்டோம்' என்கிற இல்லத்தைத்தான் நான் நம்புவேன்.

அதே மாதிரி நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. மருந்தை வாசலில் கொடுத்துவிட்டு ஓடக் கூடாது. சீட்டைக் கொடுத்து, தாளில் ஏற்றியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஆச்சி இப்போதும் அதே இல்லத்தில்தான் இருக்கிறார். வேறு இடம் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. "இங்ஙனயே இருக்கேன், அந்தப் பிள்ள என்ன நல்லா பாக்கா" என்று சொல்லிவிட்டார். தாள் முறையைக் கொண்டு வர இல்லத்தாரும் ஒத்துக்கொண்டார்கள். முதல் தாளை அந்த அக்காவும் நானும் சேர்ந்து உட்கார்ந்துதான் கோடு போட்டோம். அவர் பத்தாவது வரை படித்தவர், பீடி சுற்றிக்கொண்டிருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். என்னைவிட அழகான கையெழுத்து.

போன வாரம் ராத்திரி அவரே போன் பண்ணினார். "தம்பி, ஆச்சி இன்னைக்கு அரை இட்லிதான் சாப்ட்டாவ. மாத்திரைய நிறுத்தி வச்சிட்டு டாக்டருக்குப் போட்டேன். சுகர் பாத்துட்டு இன்னைக்கு வேண்டாம்னுட்டாரு. தாள்ல எழுதிட்டேன். ஒங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லிருவோம்னுதான்."